சக்கர நாற்காலியிலிருந்து ஆபரேஷன் செய்த டாக்டரம்மா

திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி செல்லும் ரயிலில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளை நாம் அடிக்கடி காண்கிறோம். முதுகெலும்பில் ஆபரேஷன் என்றால் அத்துடன் வாழ்க்கை முடிந்தது என்று அஞ்சுவோர் அவர்களில் உண்டு. அவர்கள் டாக்டர் மேரி வர்கீஸின் வரலாற்றை அறிவது நல்லது.

கேரளத்தில் செராய் என்ற ஊரில் 1925-ல் பிறந்த மேரி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். 1954-ல் நண்பர்களுடன் சென்ற வண்டி விபத்துக்குள்ளாகி, முகத்தில் பெருங்காயம் பட்டது. தண்டுவடமும் சேதமுற்று இரு கால்களும் செயலற்றுப் போயின. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

தண்டுவடம் நமது சுண்டுவிரல் பருமன்தான். அதன் உறைக்கு வெளியே கட்டி வளர்ந்தாலும், டி.பி. சீழ் தேங்கினாலும், இரத்தம் உறைந்தாலும் தண்டுவடம் நெருக்குண்டு கால்கள் தள்ளாடும். காலதாமதமின்றி அந்த அழுத்தத்தை நீக்கினால் பலர் மீண்டும் நடக்கின்றனர். வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-லேயே இதற்கான நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியிருந்தார். ஆனால் தண்டுவடமே சிதைந்துவிட்டால் எந்தக் கத்தியாலும் அதைச் சரிசெய்ய இயலாது. மேரியின் கதி அதுதான்.

கால்கள் போனாலும் கைகள் இருக்கின்றனவே என்று ஊக்கமூட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார் மேரி. பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. படுக்கைப் புண் வராமல் புரண்டு படுப்பது, சிறுநீரைக் கவனிப்பது, கைகளுக்கு வலுவேற்றுவது, காலிப்பர் அணிந்து நிற்பது, பிழைப்புக்கு ஒரு தொழில் கற்பது என யாவும் அங்கே பயிற்சியாயின. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அம்மையார் 1986-ல் காலமானார். இன்று அந்த நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முதுகுவலியுடன் கால் மரத்தாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் நின்றாலோ எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள். அன்றே டாக்டரிடம் செல்லுங்கள். ஆபரேஷன் முடிந்தபின் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். பாதி வேலை டாக்டருடையது. மீதிப் பாதி நம்முடையது. நடக்க முடியாதவர்களுக்கும் வாழ்வு உண்டு என்பதற்கு மேரி அம்மையாரே சாட்சி.