கொடைக்கானலில் சூரியனை ஆராய்ந்த ஜான் எவர்ஷெட்

கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்களில் பலர் ஏரியையும் தூண் பாறையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அம்மலையில் 2,343 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வகம் ஒன்று உண்டு. அதன் பெயரை உலகறியச் செய்த ஜான் எவர்ஷெட் அவர்களின் வாழ்வை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

அன்னார் 1864-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தார். நிறுவனமொன்றில் வேதியியல் பணி பார்த்துக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரத்தில் சூரிய ஒளியைப் பகுத்து ஆராய்ந்து வந்தார். சூரியனின் விளிம்பை நன்கு காண முழுக் கிரகணமே ஏற்ற வேளை. ஆனால் அது எளிதில் கிட்டுவதன்று. சந்திரனின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான அமாவாசைகளில் சந்திரனின் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிடுகிறது. பிறை பார்க்கக் காத்திருக்கும் நாம், மாதந்தோறும் கிரகணமின்றியே அமாவாசை கழிவதை அறிவோம்.

எனவே எவர்ஷெட் நிழலைத் தேடிப் பயணமானார். 1896-இல் நார்வேயில் மேகம் மறைத்துவிட்டது. (தம் வருங்கால மனைவியும் வானியல் அறிஞருமான மேரி ஓர் அம்மையாரை அப்பயணத்தில்தான் சந்தித்தார்.) 1898 ஜனவரியில் நம் நாட்டின் தல்னி என்னுமிடத்தில் அரிய நிறமாலைப் படங்களை எடுத்தார். 1900-இல் அல்ஜீரியாவில், நிழலின் ஓரத்தில் நிற்க எண்ணியவர், கணக்கின் சிறு வேறுபாட்டால் எல்லைக்குச் சற்று வெளியே நின்றுவிட்டார்!

1907-இல் மனைவியுடன் கொடைக்கானல் வந்து சேர்ந்தார். அந்த ஆய்வகம் உருவானதற்கு ஒரு துயரப் பின்னணி உண்டு. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதாலேயே பருவங்கள் மாறுகின்றன. கொடைக்கானலில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சாய்வு ஆண்டுக்காண்டு மாறுவதில்லையே, பிறகு மழை மட்டும் ஏன் சில ஆண்டுகளில் பொய்க்கிறது? சூரியப் புள்ளிகளே காரணமாகலாம் என அக்கால அறிஞர் சிலர் கருதினர். புள்ளிகளைக் கொண்டு மழையைக் கணிக்கும் வழி இன்றளவும் கிட்டவில்லை. எனினும் அந்த நம்பிக்கையே மலைமேல் ஆய்வகம் எழத் துணை நின்றது.

அங்கே கிரகணத்திற்குக் காத்திராமல், வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுக்கும் கருவிகளைத் தம் கைப்படச் செம்மைப்படுத்தினார். 1909 ஜனவரியில், புள்ளிகளில் வாயு சுழல்கிறதா எனத் தேடியபோது வேறொன்றைக் கண்டார். வாயு சுழலாமல், புள்ளியின் மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. எவர்ஷெட் விளைவு என்று இன்றும் உலக நூல்கள் குறிப்பது இதனையே.

1911-இல் இயக்குநரானார், 1915-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1922 செப்டம்பரில் ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சோதிக்க ஆஸ்திரேலியாவின் வல்லால் கடற்கரைக்குச் சென்றார். வானம் தெளிவாகவே இருந்தது. ஆனால் கருவி ஒத்துழைக்கவில்லை. அருகிலேயே முகாமிட்டிருந்த அமெரிக்கக் குழுவினர் வெற்றி பெற்றனர்.

அடுத்த ஆண்டே ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய அன்னார், சர்ரேயில் சொந்தமாக ஆய்வகம் அமைத்து முதுமையிலும் சூரியனை நோக்கி வந்தார். 1956 நவம்பரில், தமது 92-ஆம் வயதில் காலமானார். கொடைக்கானலில் அவர் காலத்தில் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்கள் இன்று கணினியில் பதிவாகி ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டு வருகின்றன.