ஒரே நிலையில் நிற்காத வாள்வீரர்: மியாமோட்டோ முசாஷி

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நம் நாட்டுத் தலைவர்கள், விஞ்ஞானிகள், பாடகர்கள் என்று யாராவது ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வோம். இந்த முறை ஜப்பானுக்குப் போக வேண்டியதாகிவிட்டது. காரணம் நம் மாடிப் பையன் ஒருவன்.

மழை பிடித்துவிட்டால் நம் மலையில் சாயங்காலம் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது. தலைச்சோலை போகும் சாலை முதல் வளைவிலேயே காணாமல் போகிறது. வெளியே ஓட முடியாத பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு சாயங்காலம் மேல் வீட்டிலிருந்து தொம்மென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், பத்தாம் வகுப்புப் பையன் விளையாட்டு கன்ட்ரோலரைச் சுவரில் எறிந்திருக்கிறான். நியோ என்ற சாமுராய் விளையாட்டில் ஒரே எதிரியிடம் நாற்பது தடவைக்கு மேல் செத்திருக்கிறானாம். இனி இந்தச் சனியனை வீட்டில் வைக்கப்போவதில்லை என்று அவன் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவை ஒரு காபி போடச் சொல்லிவிட்டு, அவனிடம் விளையாட்டை விளக்கச் சொன்னேன். 2017இல் வெளிவந்த இந்த விளையாட்டில் வாளைப் பிடிக்க மூன்று நிலைகள் உண்டு. பிள்ளைகள் ஸ்டான்ஸ் என்கிறார்கள். உயர் நிலையில் வாள் தலைக்கு மேல் போகும். அடி பலமாக விழும், ஆனால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். தாழ் நிலையில் அடி லேசு, கால் வேகம். நடு நிலை இரண்டுக்கும் இடையில், தடுப்பதற்கு நல்லது. சண்டைக்கு நடுவிலேயே பொத்தானை அழுத்தி நிலையை மாற்றலாம். சரியான நொடியில் மாற்றினால் தீர்ந்த மூச்சில் ஒரு பங்கு திரும்பி வரும். பையனோ உயர் நிலையை விட்டு இறங்கவே மாட்டான். அதில்தான் அடி பலமாம். அடித்து முடித்து மூச்சு வாங்கும்போது எதிரி வந்து முடித்துவிடுகிறான்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டான். இந்த நிலைகளெல்லாம் விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததா, நிஜ சாமுராய்கள் இப்படித்தான் நின்றார்களா? நிஜம்தான். அதை எழுதி வைத்த ஒருவர் இருந்தார். அவர் கதை இதோ.

மியாமோட்டோ முசாஷி பிறந்தது 1584ஆம் ஆண்டு வாக்கில், மேற்கு ஜப்பானில். தன்னை ஹரிமா நாட்டுக்காரர் என்றே அவர் எழுதியிருக்கிறார். தந்தை முனிசாய் ஆயுதப் பயிற்சியில் பேர் பெற்றவர். அவர்கள் காலத்து ஜப்பான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உள்நாட்டுப் போரில் வெந்துகொண்டிருந்தது. கத்தி தூக்கத் தெரிந்தவனுக்கு எங்காவது ஒரு பிரபுவிடம் சோறு கிடைத்த காலம்.

பதின்மூன்று வயதில் முதல் சண்டை. எதிரி அரிமா கிஹேய் என்ற வளர்ந்த வாள்வீரர். பையன் ஜெயித்தான். பதினாறில் தஜிமா நாட்டைச் சேர்ந்த அகியாமா என்ற வலுவான ஆள், அதிலும் வெற்றி. நமக்குத்தான் இது கதை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு ஆளைக் கொன்றான் என்பதை நிதானமாக யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது.

1600இல் செகிகஹாரா என்ற இடத்தில் நடந்த பெரும்போர் நாட்டின் தலையெழுத்தை மாற்றியது. தொகுகாவா குடும்பத்தின் கை ஓங்கியது. தோற்ற பிரபுக்களின் படைகள் கலைந்து, எஜமானன் இல்லாத ஆயிரக்கணக்கான சாமுராய்கள் ஊர் ஊராக வேலை தேடி அலைந்தார்கள். ரோனின் என்று இவர்களுக்குப் பெயர். நம் பையன் ஆடும் விளையாட்டும் ஏறக்குறைய இதே ஆண்டில்தான் நடக்கிறது. அதன் நாயகனுக்கு மூலம் 1600இல் ஜப்பானில் கரையிறங்கிய வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில மாலுமி.

இருபத்தொரு வயதில் முசாஷி தலைநகரான கியோட்டோவுக்கு வந்தார். அங்கே யோஷியோகா குடும்பத்தின் வாள் பள்ளி கொடிகட்டிப் பறந்தது. அதன் தலைவரை ஒரு சண்டையில் வீழ்த்தினார். அடுத்து அவருடைய தம்பி. பிறகு பள்ளியின் மாணவர்கள் கூட்டமாகத் திரண்டு நகரின் எல்லைக்கு வர, அவர்களையும் சிதறடித்தார். புகழ்பெற்ற ஒரு பள்ளியின் பேரை ஊர்ப்பேர் தெரியாத ஒரு இளைஞர் சில சண்டைகளில் சாய்த்துவிட்டார்.

எல்லோருக்கும் தெரிந்தது 1612இல் நடந்த சண்டை. ஜப்பானின் இரண்டு பெரிய தீவுகளுக்கு நடுவே உள்ள ஜலசந்தியில் ஃபுனாஜிமா என்று ஒரு சின்னத் தீவு. எதிரி சசாக்கி கோஜிரோ. வழக்கத்தைவிட நீளமான வாளை வைத்திருந்ததால் அதற்குத் துணி காயப்போடும் கம்பு என்றே பட்டப்பெயர். முசாஷி எடுத்துப் போனது மரவாள். படகுத் துடுப்பைச் செதுக்கிச் செய்தார் என்பார்கள். ஒரே அடியில் கோஜிரோ விழுந்தார்.

இங்கே ஒரு சின்ன விவகாரம். முசாஷி வேண்டுமென்றே மணிக்கணக்கில் தாமதமாக வந்து எதிரியின் பொறுமையைக் கெடுத்தார் என்று சினிமாவிலும் கதையிலும் பார்த்திருப்பீர்கள். அது 1776இல், அவர் இறந்து நூற்றுமுப்பது வருடம் கழித்து எழுதப்பட்ட நூலில் வருவது. அவருடைய வளர்ப்பு மகன் 1654இல் நட்ட கல்வெட்டோ, இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள் என்கிறது. எனக்குக் கல்வெட்டில்தான் நம்பிக்கை. வாட்ஸாப்பில் வருவதை எல்லாம் நம்பாதீர்கள் என்று நம் சங்கத் தலைவர் சொல்வது 1776க்கும் பொருந்தும்.

இருபத்தொன்பது வயதுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகள், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. அவரே எழுதிய கணக்கு இது. மற்றவர்களாக இருந்தால் இந்தக் கணக்கோடு நிறுத்தி, வாசலில் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முசாஷி முப்பது வயதில் திரும்பிப் பார்த்தார். ஜெயித்ததெல்லாம் வித்தையை முழுதாக அறிந்ததால் அல்ல என்று அவருக்குப் பட்டது. உடம்பில் இயல்பாக அமைந்த திறமையாக இருக்கலாம், விதியாக இருக்கலாம், எதிராளிகளின் வித்தையில் குறை இருந்திருக்கலாம். ஏன் ஜெயித்தோம் என்றே தெரியாமல் அறுபது பேரை ஜெயித்திருக்கிறார்! அதன் பிறகு காலையும் மாலையும் அதே ஆராய்ச்சி. ஐம்பது வயதில்தான் பிடிபட்டது என்கிறார். சண்டை போட்டது பதினாறு வருடம், அதைப் புரிந்துகொள்ள எடுத்தது இருபது வருடம்.

இதற்குள் நாடு அமைதியாகிவிட்டது. வாள்வீரனுக்குத் தேவை குறைந்தது. முசாஷிக்கு நிலையான பதவி எதுவும் அமையவில்லை. பிரபுக்களின் ஊர்களில் விருந்தாளியாக இருந்தார். வளர்ப்பு மகன்களைத்தான் உத்தியோகத்தில் அமர்த்தினார். ஒருவன் மிகினோசுகே, ஹிமெஜி பிரபுவிடம் சேர்ந்தான். 1626இல் அந்தப் பிரபு நோயில் இறக்க, அக்கால வழக்கப்படி மிகினோசுகேயும் கூடவே உயிரை மாய்த்துக்கொண்டான். இன்னொருவன் இயோரி, ஒகசவாரா குடும்பத்தில் சேர்ந்து தலைமை அதிகாரிகளில் ஒருவராக உயர்ந்தான். கல்வெட்டு நட்டது இவர்தான்.

1638இல் ஷிமபாரா கலகத்தை அடக்கப் போன படையோடு முசாஷியும் போனார். வயது ஐம்பத்தைந்து. கோட்டை மேலிருந்து எறிந்த கல் ஒன்று அவர் முழங்காலுக்குக் கீழே பட்டு, நிற்கவே கஷ்டமாகிவிட்டது என்று ஒரு பிரபுவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அறுபது வாள்வீரர்களால் முடியாததை ஒரு கல் செய்துவிட்டது.

1640இல் குமமோட்டோ பிரபு ஹோசோகாவா ததாதோஷி அவரை அழைத்து மரியாதையாக வைத்துக்கொண்டார். கடைசியில் மனதுக்கு ஒத்த ஓர் இடம். ஆனால் மறு ஆண்டே ததாதோஷி இறந்துவிட்டார். 1643இல், அறுபது வயதில், ஊருக்கு வெளியே மலையில் உள்ள ரெய்கண்டோ குகைக்குப் போய் முசாஷி எழுத உட்கார்ந்தார். நம் சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து நுழைந்தவர்களுக்கு அந்த ஈரமும் இருட்டும் பழக்கம். அங்கே உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதுவதை நினைத்துப் பாருங்கள்.

புத்தகத்தின் பெயர் ஐந்து வளையங்களின் நூல். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என்று ஐந்து பகுதி. நம் பஞ்சபூதம் ஞாபகத்துக்கு வருகிறதல்லவா? பௌத்தம் வழியாக இந்தியாவிலிருந்து போன கணக்குதான் அது. நிலப் பகுதியில் படைத்தலைவனைத் தச்சு மேஸ்திரிக்கு ஒப்பிடுகிறார். முடிச்சில்லாத நேர் மரம் முன் தூணுக்கு. முடிச்சு இருந்தாலும் உறுதியான மரம் பின் தூணுக்கு. பலம் குறைந்தாலும் பார்க்க அழகாக இருப்பது கதவுக்கு. எதற்கும் ஆகாதது முதலில் சாரத்துக்கு, பிறகு அடுப்புக்கு. மரத்தைத் தெரிந்து இடம் கொடுப்பவன்தான் மேஸ்திரி. சில்வர் ஓக் வெட்டும் காலத்தில் நம் எஸ்டேட் ஆட்கள் பேசிக்கொள்வதைப் போலவே இருக்கிறது.

நீர்ப் பகுதியில்தான் பையன் கேட்ட நிலைகள் வருகின்றன. முசாஷி சொல்வது ஐந்து: மேல், நடு, கீழ், வலப்பக்கம், இடப்பக்கம். விளையாட்டில் உள்ள மூன்றும் இதில் முதல் மூன்று. வலமும் இடமும் எதற்கு? தலைக்கு மேலோ ஒரு பக்கமோ இடிக்கும் இடத்தில் நிற்கும்போது. நம் பி பிளாக் மாடிப்படியில் பீரோ ஏற்றியவர்களுக்கு இது உடனே விளங்கும். ஐந்தில் நடு நிலையே தலைமை. அது படைத்தலைவன், மற்ற நான்கும் அவன் பின்னால் வருபவை.

அதற்கடுத்து அவர் சொல்வதுதான் விசேஷம். நிலை என்று ஒன்று உண்டு, இல்லவும் இல்லை என்கிறார். மேலே பிடித்த வாள் சந்தர்ப்பத்தைப் பொறுத்துக் கொஞ்சம் இறங்கினால் நடு நிலை. நடுவில் இருப்பதைக் கொஞ்சம் உயர்த்தினால் மேல் நிலை. எதிரி எப்படி நிற்கிறான், இடம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து, வெட்டுவதற்கு வசதியான இடத்தில் வாள் இருக்க வேண்டும், அவ்வளவே. இந்த நிலையில் நிற்கிறோம் என்ற நினைப்பே மனதில் தங்கக் கூடாது. காற்றுப் பகுதியில் மற்றப் பள்ளிகளை ஒவ்வொன்றாக விமர்சிக்கும்போது, நிலையைப் பெரிதாகப் பேசும் பள்ளிகளையும் விடவில்லை. எதிரி இல்லாத நேரத்துக்குத்தான் நிலை சரிப்படும் என்கிறார். நீளமான வாளை மட்டும் நம்புவது, பலத்தை மட்டும் நம்புவது, வேகத்தை மட்டும் நம்புவது, இவையும் அவருக்குப் பிடிக்காது.

கால் விஷயத்தில் இன்னும் கறார். குதிகால் அழுத்தமாக, விரல்கள் லேசாக. நடை எப்போதும் போல் சாதாரணமாக. துள்ளும் கால், மிதக்கும் கால், ஊன்றிப்போன கால் மூன்றும் வேண்டாம். நம் ஊர்ச் சிலம்பத்திலும் ஆசான் கம்பைச் சுழற்ற விடுவதற்கு முன் காலடிதான் சொல்லித் தருவார். கை பிடிப்பிலும் ஒரு கணக்கு உண்டு: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக, நடுவிரல் இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல், கடைசி இரண்டு விரல்கள் இறுக்கமாக. துடைப்பத்தில் முயன்று பார்த்தேன். மணிக்கட்டு நன்றாகவே திரும்புகிறது.

இரண்டு கையில் இரண்டு வாள் பிடிப்பது முசாஷி பள்ளியின் அடையாளம். அதற்கு அவர் சொல்லும் காரணம் எளிமையானது. சாமுராய் இடுப்பில் இரண்டு வாள் செருகியிருக்கிறான். ஒன்று உறையிலேயே கிடக்க உயிரை விடுவது வீண்.

வாள் மட்டும் அல்ல, தூரிகையும் அவருக்கு வசப்பட்டது. கறுப்பு மையில் அவர் வரைந்த ஒரு படம் இன்றும் இருக்கிறது. பட்டுப்போன நீண்ட கிளையின் உச்சியில் ஒரு கீச்சான் குருவி. கிளை ஒரே வீச்சில் மேலேறுகிறது. குருவி எதையோ கவனித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். வாள் படம் எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

1645இல் உடம்பு முடியாமல் போனது. இறப்பதற்கு ஒரு வாரம் முன் தனியே நடக்கும் வழி என்று இருபத்தொரு வரி எழுதினார். எழுதி முடித்த நூலைத் தெராவோ மகோனோஜோ என்ற சீடரிடம் ஒப்படைத்தார். அந்த ஆண்டு ஜூன் 13ஆம் தேதி குமமோட்டோவில் காலமானார். சுமார் முந்நூறு ஆண்டு கழித்து யோஷிகாவா எய்ஜி 1935 முதல் 1939 வரை நாளிதழில் எழுதிய தொடர்கதைதான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. பிறகு தோஷிரோ மிஃபுனே நடித்த படங்கள், சித்திரக்கதைகள், இப்போது வீடியோ கேம்கள்.

இதையெல்லாம் பையனுக்கு இரண்டு சாயங்காலமாகச் சொன்னேன். அவன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை அவிழ்த்துவிட்டார், ஆனால் பரீட்சை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான். எதிரி இன்னும் சாகவில்லை. பையன் இப்போது நடு நிலையில் தொடங்குகிறானாம். பாதிச் சண்டை வரை தாக்குப்பிடிக்கிறானாம். கன்ட்ரோலரில் மட்டும் ஒரு பொத்தான் சரியாக வேலை செய்யவில்லை. ரிப்பேர் தெரிந்தவர்கள் யாராவது நம் குடியிருப்பில் இருந்தால் சொல்லுங்கள்.