சியாட்டில் தலைவரும் அவர் தாய்மொழியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில், பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழியின் கரையில், சியாட்டில் என்ற பெருநகரம் உளது. அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் அறிவர். அம்மனிதர் தம் பெயரை அவ்விதம் உச்சரித்தவரல்லர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் பாஷை லஷூட்சீத். அதில் அவர் பெயரின் நடுவே மூச்சு தொண்டையில் ஒரு கணம் தடைப்பட்டு நிற்கும். ஈற்றிலே நா லகரத்துக்குரிய இடத்தில் நிற்க, குரலற்ற காற்று மாத்திரம் நாவின் மருங்கில் வழிந்து செல்லும். வெள்ளையர் செவி இவ்வொலிகளைப் பற்றவில்லை. தமக்கு எளிதானவாறு மாற்றிக்கொண்டனர். பெயருக்கு நேர்ந்த கதியே அவர் வாக்குக்கும் நேர்ந்தது. ஆதலின் அவர் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவர் 1780-களில் பிறந்தவர். தந்தை சுக்குவாமிஷ் வகுப்பினர், தாய் துவாமிஷ் வகுப்பினர். 1792-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கப்பற்றலைவர் வான்கூவர் அக்கழியில் நங்கூரமிட்டபோது இவர் சிறு பாலகர். வாலிபத்தில் மலைநாட்டிலிருந்து வந்த பகைவரை வென்று போர்வீரர் எனப் பெயர் பெற்றார். அந்நாட்டு வழக்கப்படி அடிமைகளையும் உடையவராயிருந்தார். அதனை மறைத்துப் புகழ்வது நமக்கு உடன்பாடன்று. பிற்காலத்தில் கத்தோலிக்க மதந்தழுவி நோவா என ஞானஸ்நானம் பெற்றார்.

அவர் பாஷையின் இயல்பை நேயர்கள் சிறிது அறிதல் நலம். நம் இலக்கணத்தில் மெல்லினம் எனப்படும் மூக்கொலிகள் அதன் சாதாரணப் பேச்சில் இல்லை; உலகில் இத்தகைய பாஷைகள் மிகச் சிலவே. முற்காலத்தில் மகர னகரங்களாயிருந்தவை பகர டகரங்களைப் போன்ற ஒலிகளாக மாறின. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வெள்ளையர் துவாமிஷ், சுக்குவாமிஷ் என மகரத்தோடு எழுதிய பெயர்களை, அம்மக்கள் இப்பொழுது பகர ஒலியோடு கூறுகின்றனர். வினைச்சொல் வாக்கியத்தின் முதலில் நிற்கும். சொல்லின் முற்பகுதி இரட்டித்துப் பன்மையையோ சிறுமையையோ உணர்த்தும். வாயைக் குறிக்கும் விகுதியே பாஷையையும் குறிக்கும்; லஷூட்சீத் என்ற பெயரின் ஈற்றில் உள்ளது அதுவே.

1851-ஆம் ஆண்டு நவம்பரில் வெள்ளைக் குடியேறிகள் ஆல்கை முனையில் வந்திறங்கினர். தலைவர் அவர்களுடன் நட்புப் பூண்டார். அவர்களும் தம் ஊருக்கு அவர் பெயரை இட்டனர். 1855-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி, கவர்னர் ஐஸக் ஸ்டீவன்ஸ் பாயிண்ட் எலியட் ஒப்பந்தத்தை நிறைவேற்றினார். கவர்னர் ஆங்கிலத்தில் பேசினார். துபாஷி அதைச் சினூக் ஜார்கன் என்னும் வியாபாரக் கலப்புப் பேச்சில் கூறினார். அதிலிருந்து மற்றொருவர் சுதேச பாஷைகளில் கூறினார். சில நூறு சொற்களே கொண்ட அக்கலப்புப் பேச்சு மீனும் தோலும் விற்பதற்குப் போதும். ஒரு தேசத்தின் பாத்தியதையை எழுதிக் கொடுப்பதற்குப் போதுமா? நிலத்திற்கு ஈடாக 1,50,000 டாலர், அதுவும் இருபது ஆண்டுகளில். தலைவர் தம் கீறலை இட்டார்.

தன் பாஷையில் படித்துக் காட்டி விளக்கப்படாத பத்திரத்தில் எழுத்தறியாதான் ஒருவன் கைந்நாட்டு வைத்தானென்றால், எந்த நியாயஸ்தலமும் அச்சம்மதத்தை ஐயுறும். ஒருவனுடைய கால் ஏக்கருக்குக் காட்டும் அந்த ஜாக்கிரதை, ஒரு ஜனசமூகத்தின் நாடு முழுவதற்கும் காட்டப்படவில்லை.

1856-இல் யுத்தம் மூண்டு நகரம் தாக்கப்பட்டபோதும் தலைவர் தம் வாக்கினின்று வழுவவில்லை. அதற்குக் கிடைத்த கைம்மாறு யாது? துவாமிஷ் மக்களுக்கு அவர்தம் நாட்டில் தனி ஒதுக்கிடம் கிடைக்கவில்லை. 1865-இல் நகர நிர்வாகிகள், இந்தியர் நகருள் வசித்தலாகாதெனச் சட்டமியற்றினர். தலைவரின் பெயர் நகரில் இருக்கலாம். தலைவரின் இனத்தார் இருத்தலாகாது! மறு ஆண்டு, 1866 ஜூன் 7-ஆம் தேதி, போர்ட் மாடிஸன் ஒதுக்கிடத்தில் அவர் காலமானார். அவர் புதல்வி கிகிஸோப்லு மாத்திரம் அச்சட்டத்தைப் பொருட்படுத்தாது, 1896-இல் இறக்குமளவும் அந்நகரிலேயே வாழ்ந்தார்.

உயிருடனிருக்கையில் அவர் சொல்லைக் கேளாதவர்கள், இறந்தபின் அவர் வாயில் சொற்களை வைத்தனர். அவருடைய பிரசங்கமென உலகெங்கும் பரவியுள்ளதை முதலில் வெளியிட்டவர் ஹென்றி ஸ்மித் என்ற வைத்தியர், ஆண்டு 1887. தலைவர் பேசியதாகக் கூறப்படும் காலத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கும் பின்னர்! அதன் லஷூட்சீத் மூலம் எங்கும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் ஒரு திரைப்படத்துக்காக டெட் பெர்ரி என்பார் அதைப் புதுக்கி எழுதினார். அதில் ரயிலிலிருந்து சுடப்பட்ட காட்டெருமைகளைத் தலைவர் கண்டதாக வருகிறது. அவர் வாழ்ந்த கழிக்கரையில் காட்டெருமையும் இல்லை, அவர் காலத்தில் ரயிலும் இல்லை.

அவர் பாஷையோ, பள்ளிகளில் குழந்தைகள் அதைப் பேசினால் தண்டிக்கப்பெற்றமையால் குன்றிற்று. ஆயினும் அழியவில்லை. அப்பர் ஸ்காகிட் வகுப்பைச் சேர்ந்த வை ஹில்பர்ட் அம்மையார், 1918-இல் பிறந்து 2008-இல் மறைந்தவர், முதியோரின் கதைகளைத் திரட்டி, சர்வகலாசாலையில் அப்பாஷையைக் கற்பித்து, 1994-இல் வெளியான அகராதியிலும் பங்கு கொண்டார். சிலைகளைவிட இதுவே தலைவருக்குச் செய்த மெய்யான மரியாதை என்போம். ஒரு தலைவரைப் போற்ற விரும்புவோர் அவர் பேசாத சொற்களைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டுவதில்லை. அவர் பேசிய பாஷை பேசப்படுவதற்கு வழி செய்தால் போதும்.