கார் குலுங்காமல் ஓட வழி கண்டவர்

என்ஜினீயர் மெக்பர்சன் வாழ்க்கை வரலாறு

பெரிய மனிதர்களின் பெயரைத் தெருவுக்கு வைப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு வைப்பார்கள். ஊருக்கே வைப்பதும் உண்டு.

ஓர் என்ஜினீயரின் பெயரோ, காரின் முன்சக்கரத்துக்கு மேலே நிற்கும் ஓர் உறுப்புக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த உறுப்பின் பெயர் "மெக்பர்சன் ஸ்டிரட்". மோட்டார் தொழில் படிக்கும் மாணவர்கள், உலகில் எந்த நாட்டில் படித்தாலும், இந்தப் பெயரைப் படித்துத்தான் தீரவேண்டும்.

அவருடைய முழுப் பெயர் ஏர்ல் ஸ்டீல் மெக்பர்சன். அமெரிக்கர்.

நடுத்தரக் குடும்பத்தார் வாங்கக்கூடிய ஒரு சிறிய காரைச் செய்யவேண்டும் என்று அவர் பாடுபட்டார். அந்தக் கார் விற்பனைக்கு வரவே இல்லை. ஆனால் அந்தக் காருக்காக அவர் கண்டுபிடித்த ஏற்பாடு மட்டும் உயிர் பிழைத்தது. அது உலகம் முழுவதும் பரவிவிட்டது.

காரோடு வளர்ந்தவர்

மெக்பர்சன் 1891-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி பிறந்தார். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் உள்ள ஹைலண்ட் பார்க், அவர் பிறந்த ஊர்.

அப்போது அமெரிக்கச் சாலைகளில் குதிரை வண்டிகள்தான் ஓடின. கார் என்பது அதிசயப் பொருள்.

அவருக்கு 17 வயது ஆனபோது, போர்டு கம்பெனி "மாடல் டி" என்ற மலிவான காரைக் கொண்டுவந்தது. அது 1908-ம் ஆண்டு. சாதாரண மக்களும் கார் வாங்கும் காலம் பிறந்தது. அந்தக் காலத்தில்தான் மெக்பர்சன் வளர்ந்தார்.

1915-ம் ஆண்டு, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயர் பட்டம் பெற்றார். உடனே டெட்ராய்ட் நகருக்குப் போனார். அமெரிக்காவில் கார் தொழிலின் தலைநகரம் அது. சால்மர்ஸ் என்ற கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. மெக்பர்சன் ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்கே அவருக்கு விமான என்ஜின்களில் வேலை.

போர் முடிந்ததும் டெட்ராய்ட் திரும்பினார். லிபர்ட்டி என்ற கம்பெனியிலும், பிறகு ஹப் மோட்டார் கம்பெனியிலும் பணியாற்றினார். இரண்டுமே பிற்காலத்தில் கார் தொழிலில் இருந்து மறைந்துபோன கம்பெனிகள்.

1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே, அந்தக் கம்பெனியின் செவர்லே கார் பிரிவில் தலைமை வடிவமைப்பு என்ஜினீயர் ஆனார்.

வில் வண்டியும் காரும்

மெக்பர்சன் என்ன செய்தார் என்பது விளங்கவேண்டும் என்றால், வண்டி ஏன் குலுங்குகிறது என்பது முதலில் விளங்கவேண்டும்.

சாதாரணக் கட்டை வண்டியில் போனால் முதுகு வலிக்கும். சக்கரம் கல்லில் ஏறினால், வண்டியும் ஏறி விழும். வில் வண்டியில் அந்த அவஸ்தை குறைவு. சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இரும்புப் பட்டைகளால் ஆன வில் இருக்கிறது. அதிர்ச்சியை வில் வாங்கிக்கொள்கிறது.

காரிலும் இதே தத்துவம்தான். ஆனால் வில் மட்டும் போதாது. அமுக்கிவிட்ட ஸ்பிரிங், பந்து போலத் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்க இன்னொரு கருவி வேண்டும்.

அந்தக் கருவிதான் "ஷாக் அப்சார்பர்". எண்ணெய் நிரப்பிய ஒரு குழாய்க்குள் ஒரு தண்டு மேலும் கீழும் போய்வரும். தண்டின் நுனியில் உள்ள சிறு துவாரங்கள் வழியாகத்தான் எண்ணெய் கசிந்து போகமுடியும். அதனால் தண்டு வேகமாக ஆடமுடியாது. துள்ளல் அடங்கும்.

மூன்றாவதாக, சக்கரம் இப்படியும் அப்படியும் சாயாமல் பிடித்துக்கொள்ளக் கைகள் வேண்டும். நல்ல கார்களில், ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலே ஓர் இரும்புக் கையும் கீழே ஓர் இரும்புக் கையும் பிடித்திருந்தன.

ஸ்பிரிங் ஒன்று. ஷாக் அப்சார்பர் ஒன்று. கைகள் இரண்டு. இத்தனையும் சேர்ந்தால் எடை கூடும். இடம் அடைக்கும். விலையும் ஏறும். பெரிய காருக்கு அது கட்டுப்படி ஆகும். சிறிய காருக்கு ஆகாது.

ஆயிரம் டாலர் கார்

இரண்டாம் உலகப்போரின்போது, 1942-ல் அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் கார் செய்வது நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் போர்த்தளவாடங்கள் செய்தன.

1945-ல் போர் முடிந்தது. போர்வீரர்கள் வீடு திரும்பினார்கள். புதிய குடும்பங்கள் தோன்றின. எல்லாருக்கும் கார் தேவைப்பட்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஒரு சிறிய கார் செய்யத் திட்டமிட்டது. அதன் பெயர் "செவர்லே காடெட்". விலை ஆயிரம் டாலருக்குள் இருக்கவேண்டும். எடை சுமார் ஆயிரம் கிலோதான் இருக்கவேண்டும். அப்போதைய செவர்லே கார் சுமார் 1,400 கிலோ எடை!

இந்த வேலைக்குத் தலைமை என்ஜினீயர், மெக்பர்சன்.

விலை குறைந்த கார் என்பதற்காக, அதில் போகிறவர்கள் குலுங்கிக்கொண்டு போகவேண்டுமா? அதை மெக்பர்சன் ஏற்கவில்லை. நான்கு சக்கரங்களும் ஒன்றோடு ஒன்று சம்பந்தம் இல்லாமல் தனித்தனியே ஏறி இறங்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் மற்றச் சக்கரம் ஆடாது. அந்த வசதி அப்போது அமெரிக்காவின் விலை உயர்ந்த கார்களில்கூடப் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் கிடையாது.

ஆனால் ஆயிரம் டாலரில் அதை எப்படிச் செய்வது?

மூன்றும் ஒன்று

மெக்பர்சன் ஒரு வழி கண்டுபிடித்தார்.

ஷாக் அப்சார்பர் குழாயைப் பெரிதாகவும் பலமாகவும் செய்தார். அதைத் தூண் போல நிமிர்த்தி வைத்தார். அதன் மேல்பகுதியைச் சுற்றி ஸ்பிரிங்கை மாட்டினார். தூணின் அடியைச் சக்கரத்தைத் தாங்கும் இரும்போடு இணைத்தார். தூணின் தலையைக் காரின் உடலோடு பொருத்தினார்.

மேலே இருந்த இரும்புக் கை இப்போது தேவை இல்லை. அதன் வேலையைத் தூணே செய்தது. கீழே மட்டும் ஒரு கை போதும்.

டிரைவர் ஸ்டீரிங்கைத் திருப்பினால், சக்கரத்தோடு தூணும் சேர்ந்து திரும்பும்.

தாங்குவது, துள்ளலை அடக்குவது, சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே தூண் செய்தது. அதுதான் ஸ்டிரட்.

இதைப் போன்ற ஒரு யோசனை முன்பே தோன்றியது உண்டு. இத்தாலியில் பியட் கம்பெனி என்ஜினீயர் கைடோ போர்னாக்கா 1920-களில் இப்படி ஓர் ஏற்பாட்டை வரைந்திருந்தார். ஆனால் லட்சக்கணக்கில் செய்யக்கூடிய முறையில், மலிவாக, கச்சிதமாக அதை அமைத்துக்காட்டியவர் மெக்பர்சன்.

1947-ம் ஆண்டு மார்ச் மாதம், இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை கேட்டு மனு செய்யப்பட்டது.

கனவு கலைந்தது

காடெட் காரின் சோதனை வண்டிகள் ஓடின. ஆனால் கம்பெனி பின்வாங்கியது.

ஆயிரம் டாலருக்கு விற்றால் லாபம் வருமா என்ற சந்தேகம் எழுந்தது. இரும்புக்கும் தட்டுப்பாடு. பெரிய கார்களையே மக்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய காரில் லாபமும் அதிகம். பிறகு சிறிய கார் எதற்கு?

1947-ல் காடெட் திட்டம் கைவிடப்பட்டது.

மெக்பர்சனுக்கு அந்த ஆண்டு 56 வயது நிறைந்தது. வேறு ஒருவராக இருந்தால், வாங்குகிற சம்பளம் போதும் என்று இருந்திருப்பார். மெக்பர்சன் அந்த ஆண்டே ஜெனரல் மோட்டார்சை விட்டு விலகினார். அதன் போட்டிக் கம்பெனியான போர்டு கம்பெனியில் சேர்ந்தார்.

கடல் கடந்த வெற்றி

போர்டு கம்பெனிக்கு இங்கிலாந்திலும் தொழிற்சாலை உண்டு. அங்கே பெட்ரோல் விலை அதிகம். சாலைகள் குறுகல். சிறிய கார்களுக்குத்தான் அங்கே மதிப்பு.

1950-ம் ஆண்டு, இங்கிலாந்து போர்டு கம்பெனி "கான்சல்", "செபிர்" என்ற இரண்டு கார்களை வெளியிட்டது. இரண்டிலும் முன்சக்கரங்களில் மெக்பர்சன் ஸ்டிரட் பொருத்தப்பட்டிருந்தது. அமெரிக்காவில் கைவிடப்பட்ட காருக்காகப் பிறந்த ஏற்பாடு, இங்கிலாந்துச் சாலைகளில் ஓடியது.

1952-ல் மெக்பர்சன், போர்டு கம்பெனியின் என்ஜினீயரிங் துறைக்கு உபதலைவர் ஆனார். 1947-ல் கேட்ட காப்புரிமை 1953-ல்தான் கைக்கு வந்தது. அதுவும் அவர் விட்டுவந்த பழைய கம்பெனியின் பெயருக்கே எழுதப்பட்டது!

1958-ல் ஓய்வு பெற்றார். 1960-ம் ஆண்டு காலமானார். அப்போது அவருக்கு வயது 68.

மறைந்த பின் வந்த பெருமை

மெக்பர்சன் இறந்த பிறகுதான் ஸ்டிரட்டின் உண்மையான காலம் பிறந்தது.

1973-ல் உலகில் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. பெட்ரோல் விலை ஏறியது. சிறிய கார்களை மக்கள் தேடினார்கள்.

சிறிய கார்களில் முன்சக்கரங்களையே என்ஜின் இழுக்கும்படி செய்தார்கள். என்ஜினைக் குறுக்காக வைத்தார்கள். அங்கே இடம் மிகவும் நெருக்கம். மேலே கை இல்லாத ஸ்டிரட், அந்த இடத்துக்கு அளவெடுத்தது போல் பொருந்தியது.

1972-ல் வந்த ஜப்பானின் "ஹோண்டா சிவிக்", 1974-ல் வந்த ஜெர்மனியின் "கோல்ப்" ஆகிய கார்கள் இதை வைத்தே பெயர் வாங்கின.

நம் நாட்டில் 1983-ம் ஆண்டு டிசம்பர் மாதம் "மாருதி 800" வந்தது. அதன் முன்சக்கரங்களிலும் மெக்பர்சன் ஸ்டிரட்தான். எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. மெக்பர்சன் அமெரிக்கக் குடும்பங்களுக்குச் செய்ய நினைத்ததை, இங்கே ஒரு சிறிய கார் செய்தது என்று சொல்லலாம்.

தேய்ந்தால் என்ன ஆகும்?

ஸ்டிரட்டுக்கும் வயது உண்டு. பழைய காரில் குழாயின் மூடி தேய்ந்து எண்ணெய் கசியும். உள்ளே எண்ணெய் குறைந்தால் துள்ளல் அடங்காது.

காரின் முன்பக்கத்தை ஒரு மூலையில் நன்றாக அமுக்கிவிட்டால், ஏறி உடனே நிற்கவேண்டும். மேலும் மேலும் ஆடினால் ஸ்டிரட் தேய்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். பிரேக் போட்டால் மூக்கு குத்துவது, டயர் அங்கங்கே குழி விழுந்து தேய்வது, பள்ளத்தில் "டக்" என்று சத்தம் வருவது ஆகியவையும் அடையாளங்கள்.

இது சவுகரியத்தோடு நிற்கும் விஷயம் அல்ல. துள்ளும் டயர் சாலையைப் பிடிக்காது. பிரேக் போட்டால் கார் நிற்க அதிக தூரம் ஆகும். மழையில் ஆபத்து இன்னும் அதிகம்.

மெக்பர்சன் எல்லாவற்றையும் ஒரே தூணாகச் செய்ததால், அதைக் கழற்றுவதும் எளிதாயிற்று. அதனால்தான், கைவேலை தெரிந்தவர்கள் வீட்டு வாசலிலேயே பழைய ஸ்டிரட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார்கள்.

காரைச் சமதரையில் நிறுத்துவார்கள். பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். ஜாக்கியால் தூக்கியதும், உறுதியான தாங்கிகளின் மேல் காரை உட்கார வைப்பார்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை வைக்கக்கூடாது.

சக்கரத்தைக் கழற்றிய பிறகு, பிரேக் குழாயை ஸ்டிரட்டில் இருந்து விடுவிப்பார்கள். பெரும்பாலான கார்களில் கீழே இரண்டு பெரிய போல்ட்டுகள் இருக்கும். மேலே, பானெட்டைத் திறந்தால், இரண்டு அல்லது மூன்று சிறிய நட்டுகள் தெரியும். இவற்றைக் கழற்றினால் தூண் கையோடு வந்துவிடும். சக்கரத்தைத் தாங்கும் இரும்பு, பிரேக் குழாயில் தொங்காதபடி கம்பியால் கட்டி வைக்கவேண்டும்.

மேலே நடுவில் உள்ள பெரிய நட்டைத்தான் தொடக்கூடாது. அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கை அந்த ஒரு நட்டுதான் பிடித்து வைத்திருக்கிறது. அவசரப்பட்டு அதைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்தது போலக் கிளம்பும். கையை முறிக்கும். உயிரையும் வாங்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கருவி இருந்தால்தான் அதில் கை வைக்கலாம். கருவி இல்லாதவர்கள், கழற்றிய தூணை அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், அந்த வேலையை மட்டும் செய்து வாங்கிவருவதே நல்லது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். ஆகவே இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். வேலை முடிந்ததும், சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்கவேண்டும்.

பெயர் நின்றது

மெக்பர்சன் பணியாற்றிய முதல் மூன்று கம்பெனிகளின் கார்களும் இன்று சாலையில் இல்லை. அவர் பாடுபட்ட காடெட் காரை எந்தக் குடும்பமும் வாங்கவில்லை.

ஆனால் கோடிக்கணக்கான கார்களின் முன்சக்கரங்கள் அவர் நிறுத்திய தூணின் மேல்தான் ஏறி இறங்குகின்றன. பின் இருக்கையில் குழந்தை தூங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் விழுகிறது. குழந்தை விழிப்பதில்லை.

சிறிய காரில் போகிறவர்களும் சுகமாகப் போகவேண்டும் என்று மெக்பர்சன் நினைத்தார். அந்த எண்ணம் வீண் போகவில்லை.