மாதச் சம்பளம் 1 ரூபாய்!

தஞ்சை ஜில்லாவில் 1832-ல் பிறந்தவன் முத்துசாமி. தகப்பனார் இறந்துவிட்டார். கிராமக் கணக்குப்பிள்ளையிடம் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் மாதம் 1 ரூபாய்!

ஒருநாள் ஆற்றங்கரை உடைந்துவிட்டதாகத் தாசில்தாருக்குச் செய்தி வந்தது. குமாஸ்தாக்கள் யாரும் இல்லை. முத்துசாமியை அனுப்பினார். வேறு பையனாக இருந்தால், கரை உடைந்தது உண்மைதான் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். இவனோ, உடைப்பு எவ்வளவு, அடைக்க என்னென்ன வேண்டும் என்று சகல விவரங்களோடும் வந்து நின்றான். தாசில்தாருக்குச் சந்தேகம். சின்னப் பையன் ஆயிற்றே! பிறகு விசாரித்ததில், அத்தனையும் சரியாக இருந்ததாம்.

தாசில்தாரே அவனைப் படிக்க அனுப்பினார். முதலில் நாகப்பட்டினம், பிறகு சென்னை. 1854-ல் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு பெற்றான்.

அவர்தான் சர் டி.முத்துசாமி அய்யர். சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி! 1893-ல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1895-ல் காலமானார். அவருடைய சிலை ஐகோர்ட்டுக்குள் இருக்கிறது.