வலிக்கு ஒரு படலை

அம்மாவின் மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவியபோது, இயன்மருத்துவர் ஒருவர் சிறிய பெட்டி ஒன்றைத் தந்தார். அதன் வயர்களின் நுனியில் ஒட்டும் தகடுகள் இருந்தன. வலிக்கும் இடத்துக்கு அருகில் ஒட்டி மெல்லிய மின்னோட்டம் கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பிறகுதான் அறிந்தேன். அவர் பெயர் பற்றிக் வோல்.

1925 இல் இங்கிலாந்தின் நொட்டிங்காமில் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட்டில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் ஆராய்ச்சியில் இறங்கினார். காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவு என்று பலரும் நம்பிய காலம் அது. 1965 இல் அவரும் கனேடிய உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக்கும் அதை மறுத்தார்கள். முள்ளந்தண்டு வடத்தில் ஒரு படலை இருப்பதுபோல வலிச்செய்தி கட்டுப்படுத்தப்படுகிறது என்றார்கள். தொடுகையை உணர்த்தும் தடித்த நரம்புகள் இயங்கினால் படலை சாத்தப்படும். மூளையும் மேலிருந்து அதைத் திறக்கலாம், சாத்தலாம். இடிபட்ட முழங்காலைத் தேய்த்துவிட்டால் சுகமாக இருப்பது இதனால்தான்.

இதைச் சோதிக்க, சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் சுவீற்றும் அவரும் முதலில் தங்கள் உடலிலேயே மின்னோட்டம் செலுத்திப் பார்த்தார்கள். 1967 இல் 8 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். நரம்பு நோயுள்ள 4 பேருக்கு, 2 நிமிடத் தூண்டலின் பின் அரை மணிநேரத்துக்கு மேல் வலி தணிந்திருந்தது.

பிறகு இலண்டனில் பேராசிரியரானார். 1973 போரில் அவயவம் இழந்த இஸ்ரேலியச் சிப்பாய்களை ஆராய்ந்த குழுவிலும் இருந்தார். பலர் காயப்பட்ட கணத்தில் வலியை உணரவில்லை. இல்லாத கால் பின்னர்தான் வலித்தது. 2009 இல் காலை இழந்தவன் நான். இல்லாத குதிக்கால் இரவில் எரியும்போது எனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்திருக்கிறேன். அது நரம்பு மண்டலத்தின் உண்மையான வலி என்று அவர் வழியாகவே விளங்கிக்கொண்டேன்.

அந்தப் பெட்டி அம்மாவுக்கு எழும்பி நடக்கும்போது ஓரளவு உதவியது. இரவு வலிக்குப் போதவில்லை. எலும்புப் புற்றுவலியில் அதன் பயனை உறுதிப்படுத்த ஆய்வுகள் இன்னும் போதாது. அது மோர்பினுக்கு மாற்றும் அல்ல. மோர்பின் என்றால் கடைசி நாட்கள் என்று அம்மா நினைத்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நடுவில் தன் வலியைச் சொல்லவும் கூச்சப்பட்டார். நாங்கள் கேட்காமலே மாதங்கள் போயின. மோர்பின் தொடங்கிய பிறகுதான் நிம்மதியாக நித்திரை கொண்டார்.

வோலும் புற்றுநோயால்தான், 2001 இல் இறந்தார். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் வேலையின் சாரம். உங்கள் வீட்டிலும் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம். கேளுங்கள். புற்றுநோயாளிக்கு முதுகுவலி திடீரெனக் கூடினாலோ கால்கள் பலமிழந்தாலோ, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.