வீட்டைக் காட்டாத சிறுவன்

லண்டன் மாநகரம். 1824-ம் ஆண்டு. தேம்ஸ் நதிக்கரையில் ஒரு பாழடைந்த கட்டடம். எங்கு பார்த்தாலும் எலிகள்!

பூட்சுக்குப் பூசும் கறுப்பு மை அங்கே தயாராயிற்று. மை டப்பிகளுக்குக் காகிதம் மூடி, நூல் கட்டி, லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான் 12 வயதுச் சிறுவன் ஒருவன். வாரக் கூலி 6 ஷில்லிங்.

அந்தச் சிறுவன்தான், பிற்காலத்தில் உலகம் போற்றிய நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்!

சிறையில் தந்தை

தந்தை ஜான் டிக்கன்ஸ் ஒரு குமாஸ்தா. வரவுக்கு மீறிச் செலவு செய்தார். கடன் கழுத்தை நெரித்தது. மார்ஷல்சி என்ற சிறையில் அவரை அடைத்தார்கள். தாயாரும் சிறு குழந்தைகளும் அங்கேயே போய்த் தங்கினார்கள். சார்லஸ் மட்டும் வெளியே தனியாக வசித்தான்.

ஒரு நாள் அவனுக்கு விலாவில் கடுமையான வலி. கூட வேலை பார்த்த பாப் பேகின் என்ற பையன், புட்டிகளில் வெந்நீர் நிரப்பி ஒத்தடம் கொடுத்தான். மாலையில் வீடுவரை துணைக்கும் வந்தான்.

சிறையைப் பற்றி இவனுக்குத் தெரிந்துவிட்டால்? சார்லஸ் கூனிக் குறுகினான். யாருடைய வீட்டு வாசலிலோ நின்று, அதுவே தன் வீடு என்பதுபோல் விடை கொடுத்தான். நண்பன் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது? கதவையும் தட்டினான். திறந்த பெண்ணிடம், பேகினின் வீடு இதுதானா என்று கேட்டுச் சமாளித்தான்!

பூட்டிய நினைவு

தந்தை விடுதலையானார். பிறகு தொழிற்சாலை நிர்வாகியோடு சச்சரவு ஏற்பட்டது. வேலை நின்றது. மகனை மறுபடியும் அங்கே அனுப்பத் தாயார் விரும்பினார். அந்தக் காயம் மகனுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அதன் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. புகழ் வந்தது, பணம் வந்தது. ஆனால் பெற்ற பிள்ளைகளிடம்கூட அவர் சொல்லவில்லை. அந்தப் பழைய படித்துறை இடிக்கப்படும்வரை அந்தப் பக்கம் போகவும் துணியவில்லை.

கனவோ அவரை விடவில்லை. மனைவி மக்கள் இருப்பதை மறந்தார். தாம் வளர்ந்த மனிதர் என்பதையே மறந்தார். பழைய சிறுவனாக அநாதைபோல் அலைந்தார்.

தாங்க முடியாத துன்பத்தை மனம் தனியே ஒதுக்கி வைப்பதுண்டு என்கிறார்கள் இன்றைய மனநல மருத்துவர்கள். அவமானம் அதற்குப் பூட்டுப் போடுகிறது. பூட்டிய நினைவு அழிவதில்லை. உள்ளேயே கிடந்து வாட்டுகிறது.

டிக்கன்ஸ் அந்தப் பூட்டை ஒரே ஒரு நண்பரிடம் திறந்தார். அவர் ஜான் பார்ஸ்டர். நடந்ததை எழுதியும் கொடுத்தார். 1849-ல் தொடராக வெளிவரத் தொடங்கிய 'டேவிட் காப்பர்பீல்டு' நாவலிலும் அதைக் கதையாக்கினார். 1870-ல் அவர் காலமானார். பார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலமே உலகம் உண்மையை அறிந்தது.

கடன் வாங்கியது தந்தை. வெட்கத்தைச் சுமந்ததோ மகன்!

உங்கள் வீட்டுக் குழந்தை எதையாவது மறைக்கிறதா? அதட்டாதீர்கள். அருகில் உட்காருங்கள். அது சொல்லும்வரை காத்திருங்கள்.